ஊசி போகும் வழியைப் பார்க்க விடுங்கள்: உபகரணக் கொள்வனவைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசாங்க வைத்தியசாலைகளுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

அம்பாறைக் கரையோரத்தில் உள்ள ஓர் ஆதார வைத்தியசாலை, கைக்குப் போடும் ஊசி உள்ளே போகும் வழியைத் திரையில் பார்ப்பதற்காகத் தனது சத்திர சிகிச்சைக்கூடத்துக்குக் கேட்ட கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியை நீங்கள் மறுத்துவிட்டீர்கள். எக்ஸ்ரே பிரிவில் ஏற்கெனவே ஒரு ஸ்கேன் இயந்திரம் இருப்பதால் இன்னொன்றுக்குச் செலவிட நியாயமில்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். அந்தக் காரணம் செல்லாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தக் கூடத்தில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சேவையில் இருப்பவர்கள் இப்படி வெளியே எழுதினால் அரச ஊழியர்களுக்கான தாபனவிதிக் கோவையைத் தூக்கிக் காட்டுவீர்கள். எனக்கு இனி அந்தக் கவலை இல்லை.

யாருடைய கைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்பது முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்வெளிகளில் அறுவடை தொடங்கினால், சூடடிக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள் வருவார்கள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலுக்குப் போகிறவர்கள், கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் ஏறிய கையோடு வருவார்கள். மருதமுனைத் தறிகளில் சாரமும் சேலையும் நெய்கிறவர்கள், வீட்டுத் திண்ணையில் பன்பாய் இழைக்கும் பெண்கள், மேசன்மார், தச்சர்கள் எல்லோரும் மணிக்கட்டு வலியோடும், மடங்கினால் நிமிராத விரலோடும் வருவார்கள். இவர்களோடு சீனி வருத்தக்காரர்களும் வருவார்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டிருப்பார்கள். சில நாள் கழித்து உள்ளங்கை முழுக்கச் சீழ் கட்டியிருக்கும். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. கை ஓய்ந்தால் அடுப்பும் ஓயும்.

இந்தக் கைகளைத் திறந்து தைப்பதற்கு முன் அவை விறைக்கவேண்டும். அதற்கு ஆளை முழுதாக மயக்கலாம். அல்லது கைக்கு வரும் நரம்புகளைச் சுற்றி விறைப்பு மருந்தைச் செலுத்தி, கையை மட்டும் தூங்கவைக்கலாம். இரண்டாவது வழிதான் எங்கள் ஊர் நோயாளிகள் பலருக்கு உகந்தது. அறுவடைக் காலத்து இரவொன்றில் வந்த ஒரு விவசாயியை நினைக்கிறேன். வயல் வாடியில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர். பெருவிரல் பக்கம் நசுங்கி, சாக்குத் துண்டால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வயிறு நிறைந்த மனிதரை மயக்கினால், சாப்பிட்டது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. திட உணவு சாப்பிட்டவர் 6 மணித்தியாலம் காத்திருக்கவேண்டும் என்பது விதி. அவருக்குச் சீனியும் இருந்தது, இதய வருத்தமும் இருந்தது. அக்குளில் ஊசி போடுவது என்று வைத்தியர் முடிவெடுத்தார்.

அக்குளில் நாடித்துடிப்பை விரலால் தடவிப் பிடித்து, அதற்குப் பக்கத்தில் ஊசியை இறக்குவார்கள். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஊசி நரம்பைத் தொட்டால் விரலுக்கு மின்சாரம் அடித்ததுபோல ஓடும். நோயாளி அதைச் சொல்லவேண்டும். “அடிக்கிறதா ஐயா?” “அடிக்கிறது டொக்டர்.” “எந்த விரலில்?” வலியில் துடிக்கிற மனிதருக்கு எந்த விரல் என்று எப்படித் தெரியும்? கையின் மூன்று பெரிய நரம்புகள் அந்த நாடியைச் சுற்றி நிற்கின்றன. ஒன்று பெருவிரல் பக்க உள்ளங்கைக்கு, ஒன்று சின்னவிரல் பக்கத்துக்கு, ஒன்று புறங்கைக்கு. நான்காவது ஒன்று முன்னமே பிரிந்து தசைக்குள் போய்விடும். எதைத் தவறவிட்டாலும் அதற்குரிய இடம் விறைக்காது. அன்று சின்னவிரல் பக்கம் மரமாக விறைத்தது. காயம் இருந்த பெருவிரல் பக்கத்தை நான் கிள்ளிப் பார்த்தேன். “மிஸ், நீங்கள் கிள்ளுவது தெரிகிறது” என்றார்.

இன்னும் கொஞ்சம் மருந்து போடலாமே என்று கேட்பீர்கள். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே வழமையாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 மில்லிகிராம். அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். வைத்தியர் நிறுத்திக்கொண்டார், நிறுத்தியதுதான் சரி. அந்த விவசாயி அம்பியூலன்ஸில் மட்டக்களப்புக்குப் போனார். பெருவிரலின் நுனி மிஞ்சவில்லை. விறைக்காத ஊசிதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நசுங்கிய விரல் எப்படியும் போயிருக்கலாம். ஆனால் எங்கள் கூடத்திலேயே கழுவித் துப்புரவாக்கியிருக்கக்கூடிய காயம், இரவோடு இரவாக வீதியில் பயணம் செய்தது. பொத்துவில் பக்கத்திலிருந்து வருகிற ஒருவருக்கு மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது என்பதை, கொழும்பிலிருந்து வரைபடம் பார்க்கிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

அதே அக்குளில் அதே ஊசி வேறு விதமாகப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். சிறிது காலம் எங்களிடம் கடமையாற்றிய மயக்க மருந்து வைத்தியர் ஒருவர், கைத்தொலைபேசியில் செருகும் சிறிய ஸ்கேன் முனை ஒன்றைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாட்டுக்குப் போவார். கிருமி நீக்கிய உறையை அதன்மேல் இழுத்து மாட்டி, ஜெல் பூசி, அக்குளில் வைப்போம். திரையில் நாடி ஒரு கரிய வட்டமாகத் துடிக்கும். முனையை லேசாக அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற நாளங்கள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், சப்பிப்போகும், நாடி சப்பாது. எது எது என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். நாடியைச் சுற்றி நரம்புகள் தேன்கூட்டின் வெட்டுமுகம்போலத் தெரியும். ஊசி பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோடாக நுழையும். மருந்தைத் தள்ளும்போது கறுப்பாக ஒரு குளம் விரிந்து நரம்பைச் சுற்றி வளைக்கும். வளைக்காவிட்டால் ஊசியைக் கொஞ்சம் நகர்த்துவார். மின்சாரம் அடிக்கிறதா என்று நோயாளியை அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

மருந்தும் குறைவாகவே போனது. நரம்புக்குப் பக்கத்தில் சரியாக விழுந்தால் நிறைய ஊற்றவேண்டியதில்லை. கழுத்தெலும்புக்கு மேலே போடும் ஊசியை இன்னும் அச்சத்தோடு பார்த்தவள் நான். அங்கே நரம்புக் கற்றைக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. குத்தினால் நெஞ்சுக்குள் காற்று கசியும். திரையில் அந்த நுரையீரல் உறை ஒரு பளிச்சிடும் கோடாகத் தெரியும். ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோட்டுக்கு வெகு முன்னமே நிறுத்தலாம்.

அவர் இப்போது இங்கே இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன வைத்தியர்களில் அவரும் ஒருவர். போகும்போது தன் கருவியையும் கொண்டுபோனார். அது அவருடைய பொருள். நாங்கள் மறுபடியும் தடவிப் பார்க்கத் தொடங்கினோம்.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். நாடியின் ஒலியை அல்ட்ராசவுண்டால் கேட்டு, கழுத்தெலும்புக்கு மேல் ஊசி போட்டதாக 1978இலேயே எழுதியிருக்கிறார்கள். திரையில் நேரடியாகப் பார்த்து அதே ஊசியைச் செலுத்தும் முறையை வியன்னா வைத்தியர்கள் 1994இல் வெளியிட்டார்கள். கை கால் நரம்பு ஊசிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பிடமிருந்து 2015இல் வந்தது. பார்த்துப் போடும்போது விறைப்பு நன்றாகப் பிடிக்கிறது, மேலதிக மருந்து தேவைப்படுவது குறைகிறது, தவறுதலாக இரத்தக் குழாயைக் குத்துவதும் குறைகிறது என்பதே அதன் முடிவு. முப்பது வருடப் பழைய முறையைத்தான் கேட்கிறோம்.

இப்போது உங்கள் காரணத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே பிரிவில் ஸ்கேன் இயந்திரம் இருக்கிறது, உண்மை. அது வேறு கட்டடத்தில் இருக்கிறது. அதன் முன்னால் காலை முதல் கர்ப்பிணித் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பிவிட்டு இயந்திரத்தை உருட்டிக்கொண்டு சத்திர சிகிச்சைக்கூடத்துக்கு வரச்சொல்ல எந்த மனிதருக்கு மனம் வரும்? மாலையானால் அந்த அறை பூட்டப்படும். காயங்கள் மாலையில் நிற்பதில்லை. இதைவிடப் பெரிய விடயம், அந்த இயந்திரத்தோடு வந்தது வயிறு பார்க்கும் வளைந்த முனை. குறைந்த அலைவரிசையில் ஆழமாகப் பார்ப்பதற்கு அது செய்யப்பட்டது. அக்குளில் நரம்புகள் ஓரிரு சென்ரிமீற்றர் ஆழத்திலேயே இருக்கின்றன, மணிக்கட்டில் அதைவிட மேலே. அதைப் பார்க்க உயர் அலைவரிசையில் இயங்கும் தட்டையான முனை வேண்டும். உங்கள் கோப்பில் இரண்டும் “ஸ்கேன்” என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கலாம். கட்டிலருகே ஒன்றுக்கு மற்றது உதவாது. இப்படித்தான் முன்பு நன்கொடையாக வந்த இயந்திரம் ஒன்றும் பொருத்தமில்லாத முனையோடு வந்து, துணி போர்த்தி மூலையில் நின்றது. கையளிப்பு நிகழ்வில் படம் மட்டும் நன்றாக எடுத்தார்கள்.

விறைப்பு ஊசியோடு கதை முடியவில்லை. வீக்கத்தையும் வலியையும் குறைக்கக் கிளினிக்கில் போடும் ஸ்டீரொயிட் ஊசியும் இதே கையில்தான் இறங்குகிறது. தறி நெய்யும் பெண்ணொருவர், எனக்குத் தெரிந்தவர். பெருவிரல் பக்க மணிக்கட்டில் வலி. நூலை இழுக்கும்போது உயிர் போகும் என்பார். அந்த இடத்தில் இரண்டு தசைநாண்கள் ஒரு குகைக்குள் ஓடுகின்றன. பலருக்கு அந்தக் குகைக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். ஒரு பக்கம் போட்ட மருந்து மறுபக்கம் போகாது. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து அந்தச் சுவரைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அவருக்கு ஊசி போட்டார்கள், வலி போகவில்லை, மீண்டும் போட்டார்கள். மருந்தின் ஒரு பகுதி தோலுக்கு அடியிலேயே தங்கியிருக்கவேண்டும். மாதங்கள் கழித்து அந்த இடம் வெளுத்துப் போனது. கொழுப்புக் கரைந்து சின்னக் குழியும் விழுந்தது. எங்களைப்போல மாநிறமும் கறுப்புமான தோலில் அது தூரத்திலிருந்தே தெரியும். வெண்குட்டமா என்று கல்யாண வீட்டில் யாரோ கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இடக்கையில் கட்டிய மணிக்கூட்டை வலக்கைக்கு மாற்றி, அந்த இடத்தின்மேல் இறுக்கிக் கட்டுகிறார். மணிக்கூட்டுப் பட்டி வலிக்கிற இடத்தையே அழுத்துகிறது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் கட்டுகிறார்.

மணிக்கட்டுக் குகையில் நடு நரம்பு நெரிபட்டு, இரவில் விரல்கள் விறைத்து எழும்புகிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்தக் குறுகிய வழியில் நெருக்கியடித்துப் போகின்றன. சிலருக்கு அந்த நரம்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். சிலருக்கு அதன் பக்கத்தில் மேலதிகமாக ஒரு நாடி ஓடும். ஊசி நரம்புக்குள்ளேயே போய்விட்டால், குணமாக்க வந்த ஊசியே புதிய வருத்தத்தைக் கொடுக்கும். கையில் ஒடிந்து நிற்கும் மரச் சிலாம்பும் ஈர்க்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். அதையும் இந்தச் சிறிய முனையே காட்டித்தரும்.

எல்லாக் கைக்கும் இந்தக் கருவி கட்டாயம் என்று நான் மிகைப்படுத்த வரவில்லை. மடங்கிய விரலுக்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி, அனுபவமுள்ள கையில் திரை இல்லாமலும் பெரும்பாலும் பலிக்கிறது. ஒரு விரலில் மட்டும் வெட்டுக்காயம் என்றால், அட்ரினலின் கலந்த மருந்தை அந்த விரலிலேயே போட்டுத் தைக்கலாம். விரலுக்கு அட்ரினலின் ஆகாது, விரல் செத்துவிடும் என்று தாதியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உருப்போட வைத்தார்கள். கனடாவின் கைச் சத்திர சிகிச்சை நிபுணர் டொனால்ட் லலொண்டும் அவருடைய சகாக்களும் 3,110 நோயாளிகளின் கைகளில் அதைப் பயன்படுத்தி, எந்த விரலும் சாகவில்லை என்று 2005இல் காட்டினார்கள். கட்டுப் போட்டு இரத்தத்தை நிறுத்தவும் வேண்டாம், ஆளை மயக்கவும் வேண்டாம். தைத்த தசைநாண் வேலை செய்கிறதா என்று நோயாளியே விரலை மடக்கிக் காட்டுவார். அருமையான முறை. ஆனால் உள்ளங்கை முழுக்கச் சீழ் கட்டிய சீனி வருத்தக்காரருக்கு அது உதவாது. சீழ் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் விறைப்பு மருந்து சரியாகப் பிடிக்காது; ஊசியால் கிருமியைப் பரப்பவும் கூடாது. சீழுக்கு வெகு மேலே, அக்குளிலோ முன்கையிலோ நரம்பைத் தேடிப்போய் விறைக்கவேண்டும். சிறுநீரகமும் இதயமும் தளர்ந்திருக்கும் அந்த மனிதருக்கு முழு மயக்கம் கொடுப்பது பெரிய துணிச்சல். ஆக, கருவியை முக்கியமாகக் கேட்பது இவருக்காகவே.

செலவைப் பற்றியும் பேசிவிடுவோம். தொலைபேசியோடு இணையும் இத்தகைய கருவி ஒன்று 2018இல் 2,000 டொலருக்கும் குறைந்த விலையில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஏறக்குறைய 6 இலட்சம் ரூபா. வரி, முகவரின் இலாபம், உத்தரவாதம் என்று இங்கே கூடும், கூடட்டும். சில கருவிகளுக்கு வருடாவருடம் சந்தா கட்டவேண்டும். கட்டாவிட்டால் சில வசதிகள் நின்றுவிடும். கேள்விப்பத்திரம் எழுதும்போது இதைக் கவனிக்காமல் விட்டு, இரண்டாம் வருடத்தில் கருவி முடங்கினால் பழி எங்கள் வைத்தியர்கள் தலையில் விழும். படமும் பெரிய இயந்திரத்தின் அளவுக்குத் தெளிவாக இராது, பற்றரி சூடேறும். அக்குளிலும் மணிக்கட்டிலும் ஊசி எங்கே போகிறது என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

கருவியை மட்டும் அனுப்பிவிட்டுக் கைகழுவவும் வேண்டாம். ஸ்கேன் பார்ப்பது பழக்கத்தால் வருவது. ஊசி முனையைத் திரையில் தொலைத்துவிட்டு, தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு தள்ளுகிறவர், தடவிப் பார்த்துப் போடுகிறவரைவிட ஆபத்தானவர்.

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன். திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை மீண்டும் எடுத்து, எக்ஸ்ரே பிரிவின் இயந்திரத்தோடு முடிச்சுப் போடாமல், சத்திர சிகிச்சைக்கூடத்தின் தேவையாகவே பரிசீலியுங்கள். அனுமதிப்பதானால் உயர் அலைவரிசையில் இயங்கும் தட்டையான முனையுள்ள கருவி என்று கேள்விப்பத்திரத்திலேயே எழுதுங்கள். கிருமி நீக்கிய உறை, ஜெல், சந்தா, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கான வருடச் செலவையும் சேர்த்தே ஒதுக்குங்கள். மயக்க மருந்துப் பிரிவிலிருந்து ஒரு வைத்தியரையும் கூடத்திலிருந்து ஒரு தாதியையும், இந்த முறை நாளாந்தம் நடக்கும் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்குச் சில வாரங்கள் பயிற்சிக்கு விடுவியுங்கள். பயிற்சி பெற்றவரை அடுத்த மாதமே இடமாற்றம் செய்யாதீர்கள். விறைப்பு மருந்து இரத்தத்தில் ஏறி நச்சானால் கொடுக்கவேண்டிய 20 சதவீத லிப்பிட் (கொழுப்பு) திரவம், ஊசி போடும் அறையிலேயே எப்போதும் இருப்பதை உறுதிசெய்யுங்கள். கருவி வந்தாலும் வராவிட்டாலும் இது வேண்டும்.

இன்னும் இரண்டு உண்டு. கை விறைக்காத காரணத்தால், அல்லது மயக்க ஆளில்லாத காரணத்தால் வேறு வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு கைக் காயத்தையும் தனியாகப் பதிவுசெய்யும்படி கரையோர ஆதார வைத்தியசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நான் சொல்வது மிகை என்றால் அந்தப் பதிவேடே என்னைப் பொய்யாக்கட்டும். கடைசியாக, உங்கள் முடிவு எதுவானாலும், வரும் பெரும்போக அறுவடை தொடங்குவதற்கு முன், காரணங்களோடு எழுத்தில், தமிழில், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்கு அறிவியுங்கள். அந்தக் குழுவில் விவசாயிகளும் மீனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்துப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்திர சிகிச்சைக்கூடத் தாதி ஒருவர்,
அம்பாறைக் கரையோரம்.